பினிசி கட்டுவது எப்படி: சுலாவேசி மரக்கப்பல், ஏரா முதல் பாய் வரை

சிங்கப்பூரில் பூகிஸ் ரயில் நிலையத்தில் இறங்கி ஏறாத தமிழர் குறைவு. அந்தப் பெயருக்குரிய மக்களை அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு. பூகிஸ்காரர்கள் இந்தோனேசியாவின் தெற்கு சுலாவேசியைச் சேர்ந்த கடலோடிகள். பருவக்காற்றைப் பிடித்து ஆண்டுதோறும் சிங்கப்பூருக்குச் சரக்கேற்றி வந்து, விற்று வாங்கி, காற்று திரும்பியதும் ஊர் போனவர்கள். மலாய்த் தீபகற்பத்தில் சிலாங்கூர் சுல்தான்களின் வம்சம் அவர்களுடையது. 17-ஆம் நூற்றாண்டிலேயே சரக்குக் கூலி, மாலுமிகளின் பங்கு, கடன் ஆகியவற்றுக்கெல்லாம் சட்டம் எழுதி வைத்திருந்தார்கள். அமன்னா கப்பா என்ற தலைவரின் பெயரால் அது இன்றும் அறியப்படுகிறது.

அவர்களுடைய மரக்கப்பல்களைத்தான் உலகம் 'பினிசி' என்கிறது. 2017-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இந்தக் கப்பல் கட்டும் கலையைச் சேர்த்தது. இதைப் பற்றி இணையத்தில் கிடைப்பதில் பெரும்பகுதி அழகான படங்களும் சுற்றுலா விளம்பரமும்தான். ஒரு மரத்துண்டு எப்படிக் கப்பலாகிறது, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, ஏன் அந்த வரிசை என்பதைச் சொல்லும் எழுத்து அரிது. அதைத்தான் இங்கே கட்டம் கட்டமாகப் பார்க்கப் போகிறோம். நேரில் போகிறவர்கள் பாதி கட்டிய ஒரு கப்பலைக் கண்டதும் அது எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்ல முடிய வேண்டும். மாதிரிப் படகு செய்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இது உதவும்.

தொடங்கும் முன் இரண்டு திருத்தங்கள்

முதலாவது, இவற்றைப் 'பூகிஸ் கப்பல்' என்று சொன்னாலும், வாச்சி (மரம் செதுக்கும் கருவி) பிடிக்கும் கை பெரும்பாலும் கொன்ஜோ மக்களுடையது. மகஸ்ஸார் மொழிக்கு நெருங்கிய ஒரு மொழியைப் பேசும் இவர்கள், தெற்கு சுலாவேசியின் தென்கிழக்கு முனையில், புலுக்கும்பா மாவட்டத்தின் பொந்தோபஹாரி பகுதியில் வாழ்கிறார்கள். அரா, லெமோ-லெமோ, தானா பேரு, பீரா, பத்து லிச்சின் எல்லாம் அந்தப் பக்கத்து ஊர்கள். பூகிஸ்காரர்கள் கப்பலை வாங்கியவர்கள், ஓட்டியவர்கள், வணிகம் செய்தவர்கள். கப்பலின் புகழ் ஓட்டியவன் பெயருக்குப் போய்விட்டது. உலகம் முழுக்க ஓடாவிகளுக்கு, அதாவது கப்பல் கட்டும் தச்சர்களுக்கு, நேர்வதுதான் இது.

இந்த ஊர்களுக்கு ஒரு கதை இருக்கிறது. 'லா கலிகோ' என்ற பூகிஸ் பெருங்காவியத்தின் நாயகன் சாவெரிகாடிங், மாபெரும் மரம் ஒன்றை வெட்டிக் கப்பல் செய்து கடல் கடந்தான். பின்னொரு நாள் அந்தக் கப்பல் உடைந்து சிதறியபோது கூடு (கப்பலின் உடல்) அராவில் ஒதுங்கியது, பாயும் கயிறும் பீராவில் ஒதுங்கின. அதனால்தான் அராக்காரர்கள் கட்டுகிறார்கள், பீராக்காரர்கள் ஓட்டுகிறார்கள் என்று ஒரு வழக்கு. ஊருக்கு ஊர் துண்டுகளின் பட்டியல் மாறும். ஆனால் வேலைப் பிரிவினை உண்மையானது. பழைய காலத்து அரா மனிதர்கள் ஊரில் இருந்ததைவிட, தீவு தீவாகப் போய்க் கப்பல் கட்டிக் கொடுத்த காலமே அதிகம்.

இரண்டாவது, 'பினிசி' என்பது சரியாகப் பார்த்தால் கூட்டின் பெயரல்ல, பாய் கட்டும் முறையின் பெயர். இரண்டு பாய்மரம், வழக்கமாக ஏழு பாய். இது பழங்கால ஏற்பாடும் அல்ல. ஐரோப்பியக் கப்பல்களின் பாய் அமைப்பைப் பார்த்து, தங்களுக்கு ஏற்றபடி மாற்றி, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உருவாக்கிக்கொண்டது. அதற்கு முன் ஓடிய படேவாக்காங் கப்பல்களில் சாய்ந்த செவ்வகப் பாய் இருந்தது. கடல் அட்டை பிடிக்க வட ஆஸ்திரேலியா வரை போய், அங்கேயே அவித்து உலர்த்தி, சீனச் சந்தைக்கு அனுப்பியவர்கள் அந்தப் படேவாக்காங்கில்தான் போனார்கள். பாய் புதிது. கூட்டைக் கட்டும் முறைதான் மிகமிகப் பழையது. ஜாவாவின் புஞ்சுல்ஹார்ஜோவில் 2008-இல் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த படகு சுமார் 1,300 ஆண்டுப் பழமையானது. அதிலும் பலகைகளின் விளிம்போடு விளிம்பை மர ஆணி இறக்கித்தான் சேர்த்திருக்கிறார்கள்.

முதல் கட்டம்: ஆளும் பணமும்

கப்பல் வேண்டும் என்கிறவருக்கு சம்பாலு என்று பெயர். அவர் தேடிப் போவது பன்ரிதா லோப்பியை. மரவேலை, மந்திரம், கணக்கு மூன்றும் தெரிந்த தலைமை ஓடாவி இவர். பட்டறையை நடத்தும் புங்கவா பெரும்பாலும் இவரேதான். இவருக்குக் கீழே வேலை செய்யும் ஆட்கள் ஸாவி எனப்படுவார்கள். அவர்களிலும் கைதேர்ந்தவர், பழகுபவர் என்று அடுக்கு உண்டு. சிறுவர்கள் சில்லு பொறுக்குவதில் தொடங்கி மேலே வருவார்கள். எழுத்தில் பாடம் கிடையாது.

பட்டறை என்றால் கூரையும் கதவும் உள்ள இடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். கடற்கரை மணல்தான் பட்டறை. தென்னை மரங்களுக்கு நடுவே, நிழலுக்கு ஒரு கீற்றோ தகரமோ போட்டிருக்கும் இந்த இடத்துக்குப் பந்திலாங் என்று பெயர். தானா பேருவின் கரை நெடுக இப்படிப் பந்திலாங்குகள்தான்.

பேச்சு எளிதாக முடியும்: ஏராவின் (கப்பலின் அடிமரம்) நீளம் எவ்வளவு, எத்தனை டன், என்ன மரம், எப்போது வேண்டும். பணம் தவணையாகப் போகும், வேலை ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் ஒரு பங்கு. சிறிய படகு சில மாதத்தில் முடியும். பெரிய சரக்குக் கப்பலோ சுற்றுலாக் கப்பலோ ஓராண்டையும் தாண்டும், அதுவும் மரமும் பணமும் தடங்கலில்லாமல் வந்தால். சம்பாலுவின் பணம் நின்றுபோன கூடுகள் கரையில் ஆண்டுக்கணக்கில் வெளுத்துக் கிடப்பதும் உண்டு.

இரண்டாம் கட்டம்: மரம்

மரம் தேடப் புறப்படும் நாள் மாதத்தின் 5-ஆம் நாளாகவோ 7-ஆம் நாளாகவோ இருக்க வேண்டும். ஐந்தில் தொடங்கினால் பிழைப்பு கைக்கு வந்துவிட்டது என்றும், ஏழில் தொடங்கினால் பிழைப்பு தேடி வரும் என்றும் நம்பிக்கை. மரத்தடியில் மந்திரம் சொல்லி, அதில் குடியிருக்கும் ஆவியை விலகிப் போகச் சொல்லி, கோழி அறுத்த பிறகே கோடாரி விழும். இன்று பெரும்பாலான மரம் வியாபாரியிடமிருந்து லாரியிலோ கப்பலிலோ வந்து இறங்குவதால், இந்தச் சடங்கு சுருங்கிவிட்டது.

எல்லாவற்றுக்கும் ஒரே மரம் என்பது கிடையாது. கப்பலின் எந்த உறுப்புக்கு எந்த மரம் என்று தெரிந்தால் பாதி வேலை புரிந்த மாதிரி.

ஏராவுக்கும் நீருக்குள் இருக்கும் பலகைகளுக்கும் இன்று பெரிதும் விரும்பப்படுவது உலின். போர்னியோவின் இரும்பு மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனம். கடலில் மரத்தைத் துளைக்கும் புழு இதைத் தொடத் தயங்கும். உளியையும் இரம்பத்தையும் மழுங்கடிப்பதிலும் இதை மிஞ்ச ஆளில்லை. மெதுவாக வளரும் இந்த மரத்தை வரைமுறையின்றி வெட்டிவிட்டதால் இப்போது தட்டுப்பாடு, விலையும் அதற்கேற்ப.

உலினின் புழக்கம் பெருகுவதற்கு முன் இந்த ஊர்களின் முதல் மரம் பித்தி. நம் நொச்சியின் இனத்தைச் சேர்ந்தது, ஆனால் ஓங்கி வளரும் பெருமரம். சுலாவேசியிலேயே கிடைக்கும். அதன் தண்டும் கிளையும் வளைந்து நெளிந்து வளர்வதால் அணியத்தின் (கப்பலின் முன்முனை) வளைவுக்கும் விலாச்சட்டத்துக்கும் மிகப் பொருத்தம். வளைந்த உறுப்புகளுக்குப் புன்னையையும் எடுப்பார்கள். நம் கடற்கரையில் நிற்கும் அதே புன்னைதான். மேல்தளத்துக்கும் அறைகளுக்கும் தேக்கு.

நேர்மரத்தை வெட்டி வளைவாக்கினால் மரத்தின் ரேகை குறுக்கே அறுபடும், அந்த இடத்தில் ஒரு நாள் பிளக்கும். மரமே வளைந்து வளர்ந்திருந்தால் ரேகையும் கூடவே வளைந்திருக்கும், முழு பலமும் நிற்கும். அதனால்தான் பந்திலாங்கில் கோணல் மாணலான கிளைகள் குவியலாகக் கிடக்கும். பார்ப்பவருக்கு அது விறகு. பன்ரிதா லோப்பி அதில் 'இது அணியத்துக்கு, இது நடுவயிற்றுக்கு' என்று பிரித்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் கட்டம்: ஏரா வெட்டுதல்

கப்பலின் அடிமுதுகெலும்பை நம் ஓடாவிகள் ஏரா என்பார்கள். சுலாவேசியில் அதன் நடுத்துண்டுக்குக் கலேபிசெயாங் என்று பெயர். பெரிய கப்பலுக்கு ஒரே மரத்தில் ஏரா கிடைக்காது. நடுத்துண்டின் இரு முனையிலும் இணைப்புத் துண்டுகள் சேரும். ஏராவின் நீளம் தீர்மானமானதும் மற்ற அளவுகள் அதிலிருந்து பிறக்கும். அகலம், உயரம், எந்த இடத்தில் பலகை மேலே திரும்ப வேண்டும் என்பதெல்லாம் தலைமை ஓடாவியின் நினைவிலிருக்கும் விகிதங்கள். வரைபடம் இல்லை. ஒரு அளவுகோல் குச்சி, ஒரு நூல், கண், அவ்வளவுதான்.

ஏரா வெட்டும் சடங்குக்கு அன்னக்பாங் கலேபிசெயாங் என்று பெயர். கப்பலின் 'பிறப்பு' இங்கேதான் தொடங்குகிறது. மரத்தை வடகிழக்கு நோக்கி வைப்பார்கள். முன்முனை ஆண், பின்முனை பெண். மந்திரம் முடிந்ததும் வெட்ட வேண்டிய இடத்தை உளியால் குறிப்பார்கள். அப்புறம் இரம்பம். தொடங்கினால் முழுதாக அறுபடும் வரை நிறுத்தக் கூடாது. அதனால் நல்ல மூச்சுப் பிடிப்புள்ள ஆளைத்தான் இந்த வேலைக்கு நிறுத்துவார்கள்.

அறுபட்ட முன்முனைத் துண்டு தரையில் படாமல் பிடிக்கப்பட்டு, கடலில் எறியப்படும். அது கடலுக்குப் போகும் கணவன். தீங்கை எடுத்துக்கொண்டு போகிறது என்பதும் சேர்ந்த பொருள். பின்முனைத் துண்டு வீட்டுக்குப் போகும், பத்திரமாக வைக்கப்படும். அது காத்திருக்கும் மனைவி. மாதக்கணக்கில் ஆண்கள் கடலில் இருக்கும் ஊருக்கு இதைவிடச் சுருக்கமான குடும்ப வரலாறு தேவையில்லை.

சடங்கு முடிந்து முன்னும் பின்னும் இணைப்புகளைச் சேர்த்ததும், அணியத்துக்கும் பின்பக்கத்துக்கும் எழும் செங்குத்து மரங்களைப் பொருத்துவார்கள். இப்போது மணல் மேல் கட்டைகளின் முட்டுக்கொடுப்பில், இரு முனையும் நிமிர்ந்த ஒரு நீண்ட மரக்கோடு நிற்கும். அணியமும் பின்பக்கமும் இரண்டுமே கூர்மையாக முடிந்தால் அது பலாரி வகைக் கூடு. பின்பக்கம் மட்டமாக வெட்டியது போல இருந்தால் லம்போ. இன்றைய பெரிய கப்பல்களில் அநேகம் லம்போ வழி வந்தவை. பெயர் மட்டும் எல்லாவற்றுக்கும் பினிசி.

நான்காம் கட்டம்: தோல் முதலில்

இந்தக் கலையின் மையம் இது. இதை விளங்கிக்கொண்டால் மற்றவை தானாகப் பிடிபடும்.

ஐரோப்பிய முறையிலும், அதைப் பின்பற்றிய பெரும்பாலான இடங்களிலும், ஏரா போட்டதும் விலாச்சட்டங்களை நிறுத்துவார்கள். எலும்புக்கூடு நின்றபின் அதன்மேல் பலகை அறைவார்கள். சுலாவேசியில் தலைகீழ். முதலில் பலகை, பலகையின் மேல் பலகை என்று தோல் எழும். விலாச்சட்டம் பிறகுதான் உள்ளே வரும். சட்டையை முதலில் தைத்துவிட்டு, அதற்கு அளவாக உடம்பைச் செய்வது போன்ற வேலை.

உள்ளே ஒரு சட்டம்கூட இல்லாமல் பலகை எப்படி நிற்கிறது? விளிம்புக்கு விளிம்பு மர ஆணியால். ஒரு பலகையின் மேல்விளிம்பில் நெருக்கமாக வரிசையாகத் துளை போடுவார்கள். அடுத்த பலகையின் கீழ்விளிம்பில் அதே இடங்களில் துளை. கடினமான மரத்தில் சீவிய ஆணிகளைக் கீழ்ப் பலகையில் நட்டு, மேல் பலகையை அவற்றின்மேல் இறக்கிக் கொட்டாப்புளியால் அடித்து இறுக்குவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஆணி இருப்பதே தெரியாது.

ஒரு பலகை ஏறும் வரிசை இதுதான்:

முதலில் பலகையை அது போக வேண்டிய வளைவுக்குக் கொண்டுவர வேண்டும். அணியத்துக்கும் பின்பக்கத்துக்கும் போகும் பலகைகள் வளைவதோடு முறுக்கவும் வேண்டும். கனமான மரத்திலிருந்து அந்த முறுக்கை வாச்சியால் செதுக்கி எடுப்பது பழைய வழி. மரம் நிறையச் சேதமாகும், ஆனால் பலகை தன் வடிவில் அமைதியாக இருக்கும். மற்றொரு வழி தீ. பலகையை நெருப்பின் மேல் வாட்டி, தண்ணீர் தெளித்து, ஒரு முனையில் பாரம் தொங்கவிட்டு மெதுவாக வளைப்பார்கள். நல்ல மரம் இன்று கிடைக்கும் விலைக்கு இந்த இரண்டாவது வழியே பரவலாகிவிட்டது.

வளைந்த பலகையை ஆணிகளின் மேல் தற்காலிகமாக உட்கார்த்துவார்கள். எங்கோ இடைவெளி தெரியும். அந்த இடைவெளியின் அளவைப் பலகை நெடுகக் குறித்து, கழற்றி, குறித்த கோடு வரை வாச்சியாலும் இழைப்புளியாலும் சீவி, மறுபடி உட்கார்த்திப் பார்ப்பார்கள். வெளிச்சம் ஊடுருவாத வரை இது தொடரும். ஒரு பலகைக்கே நாள் முழுக்கப் போவது சாதாரணம். பொறுமை தீர்ந்தவர்கள் செய்யும் தவறு, 'மீதியைக் கலப்பத்து (பிறகு இடுக்கில் திணிக்கும் அடைப்பு) அடைத்துவிடும்' என்று விட்டுவிடுவது. நல்ல பந்திலாங்கில் அதற்கு இடமில்லை.

கடைசியாக இறக்கும் முன், இரு விளிம்புக்கும் நடுவே தாள் தாளாக உரியும் ஒரு மரத்தின் பட்டையை நீளவாக்கில் வைப்பார்கள். தைல மரக் குடும்பத்தைச் சேர்ந்த சதுப்புநில மரம் அது. தண்ணீர் பட்டால் பட்டை ஊதும், பலகையும் ஊதும், ஆணியும் ஊதும். கடலில் இறங்கிய பிறகுதான் கூடு முழுதாக இறுகுகிறது.

இதில் மூளை வேலை எங்கே? பலகைகளின் அடுக்கில். ஒரு வரிசைக்கு ஒரே நீளப் பலகை கிடைக்காது, இரண்டு மூன்று துண்டுகள் சேரும். அந்தச் சேர்மானங்கள் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குத் தள்ளித் தள்ளி விழ வேண்டும்; ஒன்றின்மேல் ஒன்று நேராக விழுந்தால் அங்கே கப்பல் ஒடியும். அதோடு, இன்னும் வராத விலாச்சட்டங்களின் இடமும் இப்போதே தெரிந்திருக்க வேண்டும். சட்டத்தைப் பிடிக்கும் ஆணி பலகைக்குள் போகும் வழியில் விளிம்பு ஆணி குறுக்கே நிற்கக் கூடாது அல்லவா. எனவே எந்த வரிசையில் எத்தனை துண்டு, ஒவ்வொன்றின் நீளம் என்ன, சட்டம் எங்கே வரும் என்ற முழு அடுக்கும் மனப்பாடமாக இருக்கிறது. கப்பலின் அளவுக்கேற்ப அடுக்கு முறையும் மாறும். பன்ரிதா லோப்பி வரைபடமில்லாமல் கட்டுகிறார் என்று வியப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. வரைபடம் இருக்கிறது, தலைக்குள் இருக்கிறது.

இடப்பக்கமும் வலப்பக்கமும் இணையாகவே ஏறும். இடப்பக்கம் ஒரு பலகை என்றால் வலப்பக்கம் அதன் ஜோடி. ஒரு பக்கம் மட்டும் வேகமாக ஏறினால் கூடு சாயும், முறுக்கிக்கொள்ளும்.

இந்த முறையில் என்ன லாபம் என்று கேட்கலாம். அலை ஒரு கப்பலை வளைக்கும்போது பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கப் பார்க்கும். ஐரோப்பியக் கூட்டில் அந்தச் சறுக்கலைத் தடுப்பது சட்டமும் இடுக்கில் திணித்த அடைப்பும்தான். இங்கே ஆயிரக்கணக்கான ஆணிகள் பலகையைப் பலகையோடு பூட்டி வைத்திருக்கின்றன. தோலே பாரம் தாங்குகிறது. கெடுதல் என்றால், நடுவில் ஒரு பலகை கெட்டால் கழற்றுவது பெரும்பாடு.

ஐந்தாம் கட்டம்: விலாச்சட்டம்

தோல் முழுதும் முடியும்வரை காத்திருப்பதில்லை. அடிப்பகுதி சில வரிசை எழுந்ததும் ஏராவுக்குக் குறுக்கே படுக்கும் அடிச்சட்டங்கள் வந்துவிடும். அதன்பின் பக்கச் சட்டங்கள். நம் ஊரில் வங்கு என்று சொல்லும் உறுப்பு இது.

தோல் தயாராக இருப்பதால் சட்டத்தை அதன் உட்புற வளைவுக்கு ஏற்றபடி செதுக்க வேண்டும். ஒரு மெல்லிய பலகையையோ மூங்கில் கீற்றையோ வைத்து வளைவை அளவெடுத்து, குவியலிலிருந்து அதற்கு நெருங்கிய வளைவுள்ள கிளையைத் தேடி எடுத்து, சீவிச் சீவிப் பொருத்துவார்கள். சட்டத்தையும் பலகையையும் சேர்க்க வெளியிலிருந்து உள்ளே போகும் நீண்ட மர ஆணி. உள்முனையைப் பிளந்து ஆப்பு அறைந்தால் ஆணி பிடித்துக்கொள்ளும். பெரிய கப்பல்களில் முக்கியமான இடங்களில் இன்று இரும்பு போல்ட் இறங்குகிறது. சுற்றுலாக் கப்பல்களில் துருப்பிடிக்காத எஃகு.

சட்டங்களின் மேல் முன்னிருந்து பின்னாக நீண்ட உள்வாரிகள் ஓடும். அவற்றின்மேல் தளம் தாங்கும் குறுக்கு உத்தரங்கள். கூடு இப்போதுதான் கப்பல் போலத் தெரிய ஆரம்பிக்கும்.

ஆறாம் கட்டம்: கலப்பத்து

இடுக்குகளை அடைக்கும் வேலை. பஞ்சுத் திரியையும் நாரையும் மழுங்கிய உளி வைத்து, கொட்டாப்புளியால் தட்டித் தட்டி இடுக்கில் ஏற்றுவார்கள். கைதேர்ந்தவர் தட்டும் ஒலியை வைத்தே உள்ளே இறுகிவிட்டதா என்று சொல்லிவிடுவார்.

அதன்மேல் பூசும் பசை சுண்ணாம்பும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தது. நம் பக்கத்தில் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சுவது வழக்கம். அங்கே சுண்ணாம்பை எண்ணெய் விட்டு, பல ஆட்கள் மாறி மாறிப் பல மணி நேரம் இடிப்பார்கள். அரைகுறையாக இடித்தால் வெடித்து உதிர்ந்துவிடும். பூசிய பின் பப்பாளித் தோலால் தேய்த்து வழவழப்பாக்குவது பழைய வழக்கம். இப்போது தொழிற்சாலைப் பசைகளும் பெயிண்டும் வந்துவிட்டன.

ஏழாம் கட்டம்: இயந்திரம், தளம்

1970-கள் வரை இந்தோனேசியத் தீவுகளுக்கு இடையே அரிசியும் மரமும் சிமெண்டும் ஏற்றிய பாய்க்கப்பல் கூட்டம், உலகில் அப்போது மிஞ்சியிருந்த பாய்வழி வணிகப் படைகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. பிறகு டீசல் இயந்திரம் வந்தது, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பாய் துணைக்குப் போய்விட்டது. இயந்திரத்தின் அதிர்வைத் தாங்க பின்பக்கக் கூடு கனத்தது, சரக்கு அதிகம் கொள்ள வயிறு பெருத்தது. பழைய கப்பலில் பின்பக்கத்தின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு சுக்கான் இருக்கும். இயந்திரக் கப்பலில் நீரைத் தள்ளும் விசிறிக்குப் பின்னால் நடுவே ஒரே சுக்கான்.

சுற்றுலாக் கப்பல் என்றால் இந்தக் கட்டத்தில் வேறொரு கூட்டம் வந்து சேரும்: கப்பல் பொறியாளர், குளிர்சாதனக்காரர், குழாய்க்காரர். இவர்கள் கையில் வரைபடம் இருக்கும், பன்ரிதா லோப்பியின் தலையில் இன்னொன்று இருக்கும். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் மேல்தளத்தின் உயரம். மூன்று மாடி அறை கேட்பார் முதலாளி. அகலமும் ஆழமும் அதற்குப் போதாது என்பார் கட்டுகிறவர். என் அனுதாபம் கட்டுகிறவர் பக்கம்தான். மேலே பாரம் ஏற ஏறக் கப்பல் கவிழும் ஆபத்தும் ஏறும். மேலறை வேலைகளைப் பலர் இங்கே முடிப்பதில்லை, கூட்டைக் கடலில் இறக்கி வேறு துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் செய்கிறார்கள்.

அவசர ஆர்டருக்கு ஈர மரத்தைப் போட்டுக் கட்டும் பழக்கமும் பெருகியிருக்கிறது. காய்ந்ததும் பலகை சுருங்கி, தண்ணீர்க்கோட்டுக்கு மேலே இடுக்குகள் திறந்துகொள்ளும். கப்பல் கட்டக் கொடுக்க நினைப்பவர் விலை பேசும் முன் கேட்க வேண்டிய கேள்வி, மரம் வெட்டி எவ்வளவு நாளாகிறது என்பது.

எட்டாம் கட்டம்: தொப்புளும் கடலும்

கடலில் இறக்குவதற்கு முன் தீங்கு விலக்கும் அப்பாஸிலி என்ற சடங்கு நடக்கும். இலைக்கொத்தைத் தண்ணீரில் நனைத்துக் கப்பலைச் சுற்றித் தெளிப்பார்கள். பலியும் உண்டு. 100 டன்னுக்குக் குறைந்த கப்பலுக்கு ஆடு, மேலே போனால் மாடு. ஆட்டின் முன்காலை முழங்காலோடு வெட்டி அணியத்திலும், பின்காலைப் பின்பக்கத்திலும் தொங்கவிடுவது வழக்கம்.

அடுத்தது அம்மோஸி. ஏராவின் நடுவே தலைமை ஓடாவி சிறு துளை போடுவார். அது கப்பலின் தொப்புள். இத்தனை நாள் வயிற்றில் வளர்ந்த குழந்தை கப்பல். அதைப் பெற்றெடுக்கும் தாய் பன்ரிதா லோப்பி. ஆண்கள் மட்டுமே புழங்கும் இந்தத் தொழிலில் தலைமை ஓடாவி கடைசியில் தாயாகிவிடுகிறார். இந்த ஊர்கள் நூற்றாண்டுகளாக முஸ்லிம் ஊர்கள். சடங்கில் அரபு ஓதலும் கொன்ஜோ மந்திரமும் கலந்தே வரும், யாருக்கும் அதில் குழப்பமில்லை.

பிறகு அன்யோரோங் லோப்பி, தள்ளி இறக்குதல். கடல் ஏற்றம் மிகுந்திருக்கும் நாளாகப் பார்த்து, ஏராவுக்குக் கீழே உருளைக் கட்டைகள் வைத்து, கயிறு கட்டி, ஊரே வந்து இழுக்கும். ஒருவர் பாட்டெடுக்க மற்றவர்கள் ஒரே மூச்சில் இழுப்பார்கள். இன்றைய பெரிய கப்பல்கள் ஆள்பலத்துக்கு அசைவதில்லை. கடலுக்குள் நங்கூரம் போட்டு, அதில் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) மாட்டி, அங்குலம் அங்குலமாக இழுக்கிறார்கள். நாள் கணக்கில் போகும். ஒரு ஏற்றத்தில் முடியாவிட்டால் அடுத்த அமாவாசையோ பௌர்ணமியோ வரும்வரை காத்திருப்பும் உண்டு.

மிதக்கத் தொடங்கிய முதல் நாட்களில் கொஞ்சம் தண்ணீர் கசியும். மரம் ஊதி இறுகும்வரை இறைத்துக்கொண்டிருக்க வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, இறைக்க ஆளில்லாமல் விட்டுவிட்டால்தான் பயம்.

ஒன்பதாம் கட்டம்: பாய்

கூடு மிதந்த பின்தான் பாய்மரம் ஏறும். அணியத்தில் முன்னே நீட்டிய தடியில் மூன்று முக்கோணப் பாய். இரண்டு பாய்மரத்திலும் ஒவ்வொரு பெரும்பாய். அவற்றின் தலைக்கு மேல் ஒவ்வொரு சிறுபாய். ஆக ஏழு.

பெரும்பாயின் மேல்பருமல் (பாயின் மேல்விளிம்பைத் தாங்கும் தடி) பாய்மரத்தின் பாதி உயரத்தில் நிலையாக நிற்கும். மேற்கத்தியக் கப்பல்களில் பாயை இறக்கும்போது பருமலும் சேர்ந்து இறங்கும். பினிசியில் பருமல் அங்கேயே இருக்க, பாய் மட்டும் வளையங்களில் பக்கவாட்டில் ஓடித் திறக்கும், மூடும். பெரிய பாயைக் குறைந்த ஆட்களை வைத்துச் சமாளிக்க இந்த மாற்றம். படம் பார்த்துப் பினிசியை அடையாளம் காண இதைவிட நல்ல குறி இல்லை. 1986-இல் 'பினிசி நுசந்தாரா' என்ற கப்பல் பசிபிக் பெருங்கடலைக் கடந்து, வான்கூவர் உலகக் கண்காட்சிக்குப் போய்ச் சேர்ந்தது. 1992-இல் வந்த 100 ரூப்பியா நோட்டில் பினிசி இடம்பெற்றது. அதற்குள் வணிகக் கப்பல்களிலிருந்து முழுப் பாயும் இறங்கிவிட்டது.

நேரில் பார்க்க

மகஸ்ஸாரிலிருந்து சாலை வழியாகத் தெற்கே போய், பிறகு கிழக்கே திரும்பிப் புலுக்கும்பாவைத் தாண்டினால் தானா பேரு. காரில் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பீரா கடற்கரையில் தங்க விடுதிகள் உண்டு. அங்கிருந்து தானா பேரு பக்கம்தான். மகஸ்ஸாரின் பாவோதெரே துறைமுகத்திலும், ஜகார்த்தாவின் சுந்தா கெலாப்பாவிலும் சரக்குக் கப்பல்கள் அணிவகுத்து நிற்கும். இந்த முறையில் கட்டியவை முடிந்தபின் எப்படி உழைக்கின்றன என்று அங்கே பார்க்கலாம்.

பந்திலாங்கில் நுழையும் முன் அங்கே வேலை செய்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சிரித்துத் தலையாட்டுவார்கள். புதிதாக ஏரா மட்டும் போட்டிருக்கும் இடத்தில் மட்டும் கூடுதல் கவனம், அதை மிதித்துத் தாண்டாமல் சுற்றிப் போங்கள். பாதி எழுந்த கூடு கிடைத்தால் ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பாருங்கள். மேல் வரிசைப் பலகையின் விளிம்பில் அடுத்த பலகைக்காக ஆணிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். கீழே அடிச்சட்டங்கள் வந்திருக்கும், மேலே ஒன்றும் இருக்காது. அப்படியென்றால் அந்தக் கப்பல் நான்காம் கட்டத்துக்கும் ஐந்தாம் கட்டத்துக்கும் நடுவே இருக்கிறது.